ஒரு சாண் நீட்டம்

என் தையல் கடைக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவில் செங்கல் சுவர் கிடையாது. அரை அங்குல பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் மரத்தூள் பறக்கும், இந்தப் பக்கம் பஞ்சு பறக்கும். அங்கே பேசுவது இங்கே கேட்கும். இங்கே நான் கத்தரியை மேசையில் வைத்தால் அங்கே கேட்கும். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். மழை பிடித்து நாலாவது நாள். ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதன் குரல் மாறியது. கீச்சென்று ஏறி, உடனே யாரோ தகரத்தைத் தடதடவென்று உதைப்பது போல ஆனது. அடுத்த கணம் தடுப்பு வெடித்தது. என் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ போனது. அலமாரியில் அடுக்கியிருந்த லைனிங் துணிச் சுருள் ஒன்று கீழே விழுந்து, தரையில் விரிந்துகொண்டே உருண்டு வாசற்படியில் போய் நின்றது.

துணி விரிந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. மெஷினில் மரத்தைக் குடைகிற கத்தி. அதன் பல்லில் நீலக் கட்டம் போட்ட துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. கிழிசலோடு ஒரு கொத்து முடி.

அந்த நீலக் கட்டத் துணியை எனக்குத் தெரியும். மிஞ்சிய துண்டில் நானே வெட்டி, ஓரம் அடித்து, தலையில் மரத்தூள் படாமல் கட்டிக்கொள் என்று பக்கத்துப் பட்டறை அக்காவுக்குக் கொடுத்தது.

கத்தினேனா என்று நினைவில்லை. தடுப்பில் முட்டை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் கிழிசலோடு அப்படியே நின்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பட்டறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அமைதியாக இருக்க முடியாத இடம் அது. அக்காவின் புருஷனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது யாரென்று தெரியாது. தெரு முழுக்க அப்படித்தான் கூப்பிடும், அவரும் திரும்பிப் பார்ப்பார். மரம் தேய்க்கும்போது பேச்சு, டீ குடிக்கும்போது பேச்சு. போனில் தப்பான நம்பர் வந்தால்கூட, கூப்பிட்டவருடைய குடும்பத்தையெல்லாம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் "ராங் நம்பருங்க" என்பார். "நிறுத்துறதுக்கு எங்கேயாவது பொத்தான் இருக்கான்னு கல்யாணமான நாள்லேர்ந்து தேடுறேன், கிடைக்கல" என்பாள் அக்கா. சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

அவர்கள் செய்தது பேட்டர்ன் வேலை. வார்ப்படக் கம்பெனியில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன் மணலில் அச்சுப் பதிக்க வேண்டும். அதற்கு மரத்தில் ஓர் உரு வேண்டும். பம்புக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என்று வரைபடம் வரும். வரைபடம் படிப்பதும், கட்டை அறுப்பதும், கடைசியில் உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குவதும் ரேடியோ. மெஷினை ஓட்டுவது அக்கா. மில்லிங் மெஷின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். என் கட்டிங் மேசையில் பாதிதான். மேலே ஒரு மூக்கு, மூக்கில் கத்தி. கத்தி சுழலும், கீழே கட்டை இப்படியும் அப்படியும் நகரும். அக்கா இரண்டு கையிலும் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி பதமாக ஓட்டுவாள்.

அந்த மழை மாதத்தில் ஒரு பம்பு வேலை வந்திருந்தது. நாலு கட்டை. ஒவ்வொன்றிலும் ஐந்து அங்குல ஆழத்துக்குச் சதுரமாகக் குழி எடுக்க வேண்டும். அவர்களுடைய கத்தி இரண்டு அங்குலம்தான் இறங்கும். வழக்கமாக இப்படி ஆழம் வந்தால் மெல்லிய பலகைகளில் தனித்தனியாகக் குழி எடுத்து, அடுக்கி, பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். போன மழைக்கு அப்படி ஒட்டியது ஈரத்தில் வாய் பிளந்து, கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஒட்டு வேண்டாம், ஒரே கட்டையாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அக்காவின் தம்பி அடுத்த தெருவில் இரும்பு கடைகிற லேத்து வைத்திருந்தார். அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பட்டறை வாசலில் டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்து பேசினார்கள். நானும் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"கத்தி இதுக்கு மேல இறங்க மாட்டேங்குது. மெஷினோட மூக்கு போய்க் கட்டையில இடிக்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுடா" என்றாள் அக்கா.

தம்பி அதிகம் பேசாதவர். கத்தியைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"நடுவுல ஒரு தண்டு குடுக்கலாம்கா. மேல் முனையை மெஷின் பிடிச்சுக்கும். கீழ் முனையில துளை போட்டுக் கத்தியை நான் உக்கார வச்சுத் தரேன். ஒரு சாண் நீட்டம் கிடைக்கும்."

"அவ்வளவுதானே! இதுக்கா நாலு நாளா நான் தூங்காம இருக்கேன்?" என்றார் ரேடியோ. "பாத்தியா தங்கச்சி, மச்சான்னா மச்சான்தான். நான் இவங்க வீட்டுல பொண்ணு எடுத்ததே இந்த லேத்துக்காகத்தான்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு..."

"மாமா, கொஞ்சம் இருங்க. சொல்லி முடிச்சிடுறேன்" என்றார் தம்பி. மூலையில் கிடந்த ஒரு நீள மர ரீப்பரை எடுத்து, முனையிலிருந்து ஒரு சாண் விட்டுப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. பிறகு கையைக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு ஆட்டினார். நுனி சாட்டை மாதிரி துள்ளியது. "நீளம் ரெண்டு மடங்கானா நுனியில ஆட்டம் எட்டு மடங்கு. வாய்க்கு வந்ததைச் சொல்லலை, கணக்கே அதுதான். இப்ப எவ்வளவு வேகத்துல ஓட்டுறீங்க?"

"நிமிஷத்துக்குப் பதினாறாயிரம் சுத்து" என்றாள் அக்கா.

"தண்டு போட்டா ஆறாயிரம். அதைத் தாண்டவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சீவணும். லேட்டாகும், பரவாயில்ல. வேகம் ஏறிச்சுன்னா தண்டு நேரா நிக்காது. வளைஞ்சிடும். வளைஞ்சா அப்புறம் அது கத்தி இல்ல."

"அப்புறம் என்ன?"

தம்பி ரீப்பரை மூலையில் வைத்துவிட்டு டீயைக் குடித்தார்.

தண்டு வர ஆறு நாள் ஆனது. முதல் தண்டைக் கொண்டுவந்து மெஷினில் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அவரே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மயிரிழை ஆடுகிறதாம். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே திரும்பிப் போனது. மூன்றாவது தண்டு ஓடியபோது, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு நேராக நின்றது. அக்கா தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த வீட்டில் அதுதான் பாராட்டு. மெஷினின் பக்கவாட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தது. அதை ஆறில் வைத்துவிட்டு, "இதைத் தொடாதீங்க" என்று மறுபடி ஒரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று கட்டை நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒரு குழிக்கு ஒரு முழு நாள் பிடித்தது. "இது மெஷினா, கட்டை வண்டியா?" என்று ரேடியோ நொந்துகொள்வது தடுப்பு வழியாக எனக்குக் கேட்கும். செவ்வாய்க்கிழமை நாலாவது கட்டை. ஐந்து மணிக்குக் கம்பெனி வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம்.

நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பட்டறை வாசலில் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது மெஷினின் மூக்கு. அதில் தொங்கிய தண்டு முழங்கை மடங்கின மாதிரி மடங்கியிருந்தது, நுனி இல்லை. கீழே கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ரேடியோ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய கை மெஷினின் பக்கவாட்டில் இருந்தது. நிறுத்துகிறார் என்று நினைத்தேன்.

அக்கா தரையில் இருந்தாள். முழங்காலும் இரண்டு கையும் ஊன்றி, நாலு காலில் தவழ்கிற குழந்தை மாதிரி. தலையில் துணி இல்லை. உச்சியில் ஒரு கைப்பிடி அளவுக்கு முடி இல்லை, தோல் சிவந்திருந்தது. மரத்தூளை உறிஞ்சுகிற குழாய் காலில் சிக்கியிருக்கிறது. அதை எடுத்துவிடக் குனிந்திருக்கிறாள். குனிந்ததுதான், கத்தி தலைக்கு மேல் போனது.

"அக்கா" என்றேன்.

அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் தலையைத் தடவி, கையைப் பார்த்தாள்.

"தலை இருக்கு" என்றாள். பிறகு, "மெஷினை நிறுத்தியாச்சா?" என்றாள். பிறகு என் கையிலிருந்த கிழிசலைப் பார்த்து, "அது எங்கேர்ந்து?" என்றாள்.

"என் கடையிலேர்ந்து."

அவள் தடுப்பின் ஓட்டையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அப்போதுதான் என் கடைப்பக்கமிருந்து கருகல் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓடிப்போய் எடுத்தபோது காலரோடு பாதி முதுகும் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்தேன். ரேடியோ அதே இடத்தில் நின்றார். வாய் திறந்திருந்தது, உதடு அசைந்தது. ஒரு சொல் வரவில்லை.

"என்னங்க" என்றாள் அக்கா. "என்னங்க, எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. இங்க பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அன்றைக்குப் போன பேச்சு அதற்கப்புறம் பல நாள் வரவே இல்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நாக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். "அதிர்ச்சிதான். வேற ஒண்ணும் இல்ல. தானா வந்துடும். வற்புறுத்தாதீங்க" என்றார்.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ரேடியோவுக்குப் பேச்சு நின்றுபோனது யாராலும் நம்ப முடியாத விஷயம். டீக்கடைக்காரர் தினமும் ஒரு முறை வந்து எதிரில் உட்கார்ந்து, தானே இரண்டு பேருக்குமாகப் பேசிவிட்டுப் போவார். வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா டீ போட்டாள், நடந்ததைச் சொன்னாள், கம்பெனிக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டாள், பிளந்த கட்டையை அடுப்புக்கு அறுத்தாள். அவருக்கு முட்டை உடைத்து ரொட்டியில் வைத்துக் கையில் கொடுத்தாள். நான் இன்னொரு தலைத்துணி தைத்துக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டாள். மெஷினை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள்.

தம்பி அந்தச் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். மடங்கின தண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து மெஷினின் பக்கவாட்டைப் பார்த்தார்.

"ஆறுலதான் இருக்கு" என்றார்.

"ஆறுலதான்டா இருந்துச்சு. யார் தொட்டா அதை?" என்றாள் அக்கா.

"ஆறுல வளையக் கூடாதுக்கா."

"வளைஞ்சிருக்கே."

"அதான் புரியல."

"புரியலையா? என் உச்சியைப் பாரு, புரியும்." அக்கா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு விரக்கடை நிமிர்ந்திருந்தா இந்நேரம் எனக்குத் தலை இருக்காது. தடுப்பைத் துளைச்சுக்கிட்டுப் போயி அந்தப் பொண்ணு காதோரம் போயிருக்கு. மூணு தடவை கழட்டிக்கிட்டுப் போனியே, என்னத்தடா பாத்தே? மனுஷன் பேச்சே போயி உக்காந்திருக்காரு பாரு. இனிமே எனக்கு எதையும் கடைஞ்சு குடுக்காதே. இந்தப் பக்கம் வராதே."

தம்பி தண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். ரேடியோ ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பாவம், இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். என் தையல் மெஷினில் ஊசியைப் பிடித்திருக்கிற ஊசித் தண்டு தேய்ந்துபோய், அதை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனேன். லேத்து ஓடவில்லை. வாசலில் இரும்புத் துண்டுகள் சின்னச் சின்னதாக அறுத்துப் போட்டுக் கிடந்தன. அந்தத் தண்டுதான். ஒவ்வொரு துண்டையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டைலரம்மா. விரிசல் இல்ல, புழை இல்ல. நல்ல இரும்பு. இரும்பு நல்லா இருந்தா அப்புறம் தப்பு வேற எங்க இருக்கும்? கையிலதான்."

என் ஊசித் தண்டை நீட்டினேன். வாங்கவில்லை. "வேற ஆளைப் பாருங்க. நேத்து ஒரு சின்ன போல்ட்டு. அதுலயே அளவு தப்பிப்போச்சு. கையை வைக்கும்போதே அக்கா தலைதான் தெரியுது."

பத்தாவது நாள் சாயங்காலம் தூறல் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பட்டறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். நான் தடுப்பின் ஓட்டையை ஒரு காலண்டர் அட்டையால் அடைத்திருந்தேன். இருந்தாலும் எல்லாம் கேட்டது.

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்கா. லேத்தைக் குடுத்துடுறேன். வாங்குற ஆள் பாக்க வரேன்னு சொல்லியிருக்காரு. இப்ப வருவாரு."

"குடுத்துட்டு?"

"ரொட்டிக் கம்பெனியில வண்டி ஓட்டக் கூப்பிடுறாங்க. காலையில போனா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. "டீ குடிச்சுட்டுப் போ" என்றாள்.

"வேணாம்கா." செருப்புச் சத்தம் போய்விட்டது.

பிறகு ஒரு குரல். ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி கரகரவென்று இருந்தது. யார் என்று எனக்கு உடனே தெரியவில்லை.

"ஆறுல இல்ல."

"என்னங்க!" என்றாள் அக்கா. "பேசிட்டீங்களா? ஐயோ, என்னங்க..."

"ஆறுல இல்ல. பதினாலுல இருந்துச்சு."

நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

"நீ டீ வாங்கப் போனேல்ல. அஞ்சு மணிக்கு வண்டி வந்துடும். நான் கொஞ்சம் ஓட்டி வைக்கலாம்னு ஏத்தினேன். கொஞ்ச நேரம்தானேன்னு. அதுக்குள்ள போன் வந்துச்சு. வெளிய போயிப் பேசினேன். பேசிக்கிட்டே இருந்தேன். ஒரு விஷயமும் இல்ல, சும்மாதான். நீ வந்து மெஷினைப் போட்டதை நான் பாக்கவே இல்ல. சத்தம் கேட்டுத்தான் உள்ள ஓடி வந்தேன்."

"தம்பி வந்து பாத்தப்ப ஆறுல இருந்துச்சே."

"நான்தான் திருப்பி வச்சேன்."

"எப்ப?"

"வந்த உடனே."

"நான் கீழ கிடக்குறப்பவா?"

நான் வாசலில் பார்த்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷினின் பக்கவாட்டில் இருந்த அந்தக் கை. அவர் கெட்டவர் இல்லை. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும். பொண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கை அங்கே போயிருக்கிறது.

"ஏத்திட்டு அப்படியே போனது மறதி" என்றாள் அக்கா. மெதுவாக, எண்ணி எண்ணிச் சொன்னாள். "எனக்கும் மறக்கும், யாருக்கும் மறக்கும். இறக்கினது மறதி இல்லையே."

"இல்ல."

"பத்து நாளா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அவன் மேல நான் காறித் துப்பாத குறையாப் பேசினேன். அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"பேச வரல. நெசமாவே வரல. வாயைத் திறந்தா இதுதான் வரும்னு தெரிஞ்சுச்சு. அதனால எதுவுமே வரல."

நாற்காலி தள்ளுகிற சத்தம். "எந்திரிங்க" என்றாள் அக்கா. "அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும். என் வாயால சொல்ல மாட்டேன்."

அவர்கள் வெளியே வந்தபோது நான் என் வாசலில் நின்றிருந்தேன். கேட்டுவிட்டேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அக்கா என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றாள். பையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தேன். அவள் வாங்கவில்லை. முன்னால் நனைந்துகொண்டே போனாள். ரேடியோ பத்தடி பின்னால் வந்தார். டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் கையாட்டினார். ஒருவரும் பதிலுக்கு ஆட்டவில்லை.

லேத்து வாங்க வந்தவர் வந்துவிட்டிருந்தார். பருமனான மனிதர். குனிந்து லேத்தின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "என்னக்கா? மாமா? என்ன ஆச்சு?"

அக்கா ஒதுங்கி நின்று புருஷனுக்கு வழிவிட்டாள்.

ரேடியோ சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. டீ, போன், திருகு, ஏற்றியது, இறக்கியது. நாலே வாக்கியம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக எதையும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லிவிட்டுக் கன்னத்தைக் காட்டுகிற மாதிரி நின்றார்.

தம்பி அடிக்கவில்லை. முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"பதினாலாயிரம்."

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் சொன்னாள். "கத்தி இறங்கி ஒரு பக்கம் ஓடி, மூலை திரும்புச்சு. இருபது செகண்டு இருக்கும். சத்தம் ஒரு மாதிரியா இருக்கேன்னு நினைச்சேன். மழைக்குக் கட்டை ஈரம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள குழாய் கால்ல சிக்கிச்சு."

"இருபது செகண்டா?" தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தார். "பதினாலாயிரத்துல இருபது செகண்டு நின்னுச்சா?" அவருடைய கண் கலங்கியது. முகத்தில் சிரிப்பு மாதிரியும் ஏதோ வந்தது. "அந்த நீளத்துக்கு அஞ்சு செகண்டுகூட நிக்காது. அவ்வளவு நேராவா கடைஞ்சிருக்கேன்?"

டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. இது விக்கிறதுக்கு இல்ல" என்றார் தம்பி. அந்த மனிதர் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பிறகு தம்பி ரேடியோவின் பக்கம் திரும்பினார். "மாமா, கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ரேடியோ தலையாட்டிவிட்டு வெளியே போய், தெருவில், தூறலில் நின்றுகொண்டார். வீட்டுக்குப் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

தம்பி என் பையைப் பார்த்தார். "ஊசித் தண்டு குடுங்க டைலரம்மா." அது இன்னும் அதில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு கம்பியை லேத்தில் மாட்டி ஓடவிட்டார். சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. கை ஆடவில்லை.

வேலைக்கு நடுவில், திரும்பாமலே, "நனையுறாரு பாருக்கா. உள்ள வரச் சொல்லு" என்றார்.

"நீ சொல்லு."

லேத்து ஓடியது. மழை வலுத்தது. அக்கா தெருவில் நனைகிற புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே இறங்கி அவரிடம் போனாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவருக்கு எதிரில் போய் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அது நடந்தது. அவளுடைய முகவாய் ஆட ஆரம்பித்தது. பிறகு தோள். பிறகு முழங்கால். நிற்க முடியாமல் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தலைங்க" என்றாள். "என் தலைக்கு மேல போச்சுங்க. நான் செத்திருப்பேன்ங்க."

பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அந்தப் பத்து நாளில் தெருவே வந்து ரேடியோவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, துணிதான் தைத்துக் கொடுத்தேன்.

தம்பி லேத்தை நிறுத்திவிட்டு ஓடினார். நான் குடையை விரிக்க மறந்து பின்னால் ஓடினேன். ரேடியோ அவளை இரண்டு கையாலும் தாங்கியபடி மெதுவாகத் தெருவிலேயே உட்கார வைத்தார். தலைத்துணி நழுவி விழுந்திருந்தது. முடி இல்லாத அந்த இடத்தில் மழை விழாமல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அவள் நடுக்கம் நிற்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம்பி ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவர்கள் இரண்டு பேர் மேலும் சேர்த்துப் போர்த்தினார்.